ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களும் தங்கவயல் குளிரும்

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் இவ்வூரைச் "சின்ன இங்கிலாந்து" என அழைத்து மகிழ்ந்ததற்கு இவ்வுயரமே காரணம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவிற்கு இறங்குவது இங்கு இயல்பு. சில இரவுகளில் அதற்கும் கீழே செல்வதுண்டு. ஏப்ரல் மாதப் பகலிலோ 35 டிகிரியை எட்டும். மனிதருக்குக் கம்பளியும் விசிறியும் உண்டு. கூடத்தின் மூலையில் கண்ணாடித் தொட்டியில் அடைபட்டிருக்கும் மீனுக்கு அவை இல்லை. (இக்கட்டுரையில் வரும் டிகிரிகள் யாவும் சென்டிகிரேடு அளவையே குறிக்கும்.)

அண்மைக் காலத்தில் வீடுகளிலும் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களை வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. நீலமும் மஞ்சளும் கலந்த அவற்றின் நிறம் கடல் மீன்களை ஒத்திருப்பதும், அவை நன்னீரிலேயே வாழ்வதும் இவ்விருப்பத்திற்குக் காரணங்களாகும். சென்னையை அடுத்த கொளத்தூர் இம்மீன்களுக்குப் பெயர்பெற்ற சந்தை. அங்கே வெதுவெதுப்பான நீரில் நன்றாக நீந்திய மீன், தங்கவயலுக்கு வந்த சில வாரங்களில் இரை எடுக்காமல் தொட்டியின் அடியில் ஒடுங்கி, உடலில் உப்புத் தூவினாற்போன்ற வெள்ளைப் புள்ளிகள் தோன்ற, இறந்து போவதுண்டு. வளர்ப்பவர் அதை நோய் என்று எண்ணி மருந்து கலக்குகிறார். நோய் உண்மையே, ஆனால் அந்நோய்க்கு வாசல் திறந்துவிட்டது குளிர்ந்த நீர் என்பதை அவர் அறிவதில்லை.

இம்மீன்களின் பிறப்பிடம்

சிக்லிட் என்பது ஒரு மீன் இனத்தின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர் ஆகிய நிலப்பகுதிகளில் இக்குடும்பம் பரவியுள்ளது. நம் நாட்டிலும் இதன் உறவினர் உண்டு. மலையாளிகள் கரிமீன் என்று விரும்பி உண்பதும், தமிழகக் கழிமுகங்களில் அகப்படுவதுமான மீன் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் ஆப்பிரிக்க இனங்களுள் பெரும்பாலானவை மலாவி, தங்கனீக்கா என்னும் இரு ஏரிகளைச் சேர்ந்தவை. மலாவி ஏரியில் மட்டும் பல நூறு சிக்லிட் இனங்கள் உள்ளன. அந்நாட்டார் "ம்புனா" என அழைக்கும் பாறைமீன்களே நம் கடைகளில் மிகுதியாகக் காணப்படுவன. தங்கனீக்கா ஏரி 1,470 மீட்டர் ஆழமுடையது. உலகின் ஏரிகளுள் ஆழத்தில் பைக்காலுக்கு அடுத்த இடம் அதற்கு உண்டு. அதன் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திற்கு மேல் 773 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தங்கவயலின் உயரத்தினின்றும் இது பெரிதும் வேறுபட்டதன்று என்பது கவனிக்கத்தக்கது. மலாவி ஏரியின் தென்கோடி, தங்கவயல் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எவ்வளவு தொலைவில் உள்ளதோ ஏறத்தாழ அவ்வளவே தெற்கே உள்ளது.

உயரமும் இருப்பிடமும் இவ்வாறு ஒத்திருக்க, அங்கே செழிக்கும் மீன் இங்கே நடுங்குவதேன்? விடை நீரின் அளவில் இருக்கிறது. தங்கனீக்கா ஏரியில் ஏறத்தாழ 18,900 கன கிலோமீட்டர் நீர் உள்ளது. அத்தனை நீரைக் குளிர்விக்க ஓர் இரவும் போதாது, ஒரு பருவமும் போதாது. ஆகையால் அதன் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதும் 24 முதல் 28 டிகிரிக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கிறது. ஆழத்திலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மலாவியின் மேற்பரப்பு நீர் அங்குள்ள குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 23 டிகிரிக்கும், கோடையில் 28 டிகிரிக்கும் அருகே இருக்கும். அதாவது, ஐந்து டிகிரி மாற்றத்திற்கு அந்த ஏரி பல மாதங்களை எடுத்துக்கொள்கிறது. தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள ஒரு லைன் வீட்டில் வைக்கப்பட்ட 50 லிட்டர் தொட்டி, அதே ஐந்து டிகிரியை ஒரே இரவில் இழந்துவிடக்கூடும். டம்ளரில் ஊற்றிய வெந்நீர் அண்டாவில் உள்ளதைக் காட்டிலும் விரைவில் ஆறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சிறிய தொட்டி பெரிய தொட்டியைக் காட்டிலும் ஆபத்தானது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை. தொடக்கக்காரர்கள் சிறிய தொட்டி பராமரிப்புக்கு எளிதென்று எண்ணி வாங்குவது, எனது கருத்தில், தலைகீழான முடிவாகும்.

குளிர் இரத்தப் பிராணி

மனித உடல் வெளியே பனி பெய்தாலும் வெயில் எரித்தாலும் 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மீனின் உடலுக்கு அவ்வாற்றல் இல்லை. நீர் எந்த வெப்பநிலையில் உள்ளதோ ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் மீனின் இரத்தமும் தசையும் குடலும் இருக்கும். உடலில் நிகழும் ரசாயன மாற்றங்கள் யாவும் வெப்பத்தைப் பொறுத்து விரைவதும் தளர்வதும் இயற்கை. பொதுவாகப் பத்து டிகிரி உயர்ந்தால் அவ்வேகம் இரு மடங்கு அல்லது அதற்குச் சற்று மிகுதியாகும்; பத்து டிகிரி குறைந்தால் பாதியாகும். குளிர்ந்த நீரில் உண்ட இரை குடலிலேயே தங்கிக் கெடுகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் அவ்வாறே மந்தமாகிறது. வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களோ மீனைக் காட்டிலும் குளிரைத் தாங்கவல்லவை. போட்டியில் ஒரு பக்கம் மட்டுமே சோர்ந்துவிட்டால் முடிவு யாதென்று சொல்ல வேண்டியதில்லை.

மலாவி, தங்கனீக்கா இனங்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை பாதுகாப்பான எல்லை எனக் கொள்ளலாம். தொட்டியை 25 அல்லது 26 டிகிரியில் நிறுத்துவது நலம். இரு பக்கமும் சிறிது இடம் கிடைக்கும். 22 டிகிரியைச் சில நாட்கள் தாங்கும். 20 டிகிரிக்குக் கீழே பல நாட்கள் இருக்க நேரின் மீன் இரையை மறுக்கும். பலவீனமான மீன்கள் முதலில் மடியும். 30 டிகிரிக்கு மேல் நிகழ்வது, நீரில் உள்ள பிராணவாயுவைப் பொறுத்தது. மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த கிரிபென்சிஸ் போன்ற சிறு சிக்லிட்களும் 24 முதல் 26 டிகிரி வரை விரும்புவனவே. ஆயின் அவற்றுக்கு மென்மையான நீர் வேண்டும். மலாவி மீன்களோ கடின நீரை விரும்புவன. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு வெப்பநிலை மட்டும் சரியாக உள்ளதென்று மகிழ்வதில் பயனில்லை.

இவ்வெல்லைகள் ஆப்பிரிக்கச் சிக்லிட் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றும் எண்ணிவிடலாகாது. கென்யா நாட்டின் மகாடி என்னும் உவர் ஏரியில், வெந்நீர் ஊற்றுகளின் விளிம்பில், 40 டிகிரியைத் தாண்டிய நீரில் வாழும் ஒரு சிறிய சிக்லிட் உண்டு. இயற்கை ஒவ்வோர் இனத்தையும் அதனதன் நீருக்கேற்ப வார்த்திருக்கிறது. ஆகவே, மீனை வாங்கும்போது "ஆப்பிரிக்க மீன்" என்று மட்டும் கேட்டறியாமல், எந்த ஏரி, எந்த ஆறு என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

வெப்பமும் மூச்சும்

வெப்பம் மிகுந்த இடத்தில் மூச்சுக்குக் காற்று எத்துணை இன்றியமையாதது என்பதைத் தங்கவயல் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது. அடியிலுள்ள பாறையின் வெப்பநிலை 65 டிகிரி அளவினது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, அந்த ஆழத்தில் மனிதர் உழைப்பதற்குக் குளிர்ந்த காற்றை மேலிருந்து இடைவிடாது செலுத்த வேண்டியிருந்தது. மீன் தொட்டியிலும் இதே தொல்லை, சிறிய அளவில், ஏப்ரல் மாதந்தோறும் எழுகிறது.

நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்தில் உள்ள ஓரிடத்தில் 25 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரி நீர் 7.6 மில்லிகிராமே ஏற்கும். மீனின் தேவையோ அதே வெப்பத்தால் உயர்கிறது. வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது.

தங்கவயலில் மற்றுமோர் இடர் உண்டு. உயரம் காரணமாக இங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கே. நீரில் கரையும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சென்னையில் 30 டிகிரி நீர் எவ்வளவு பிராணவாயுவை ஏற்குமோ, ஏறத்தாழ அவ்வளவே தங்கவயலில் 25 டிகிரி நீர் ஏற்கும். இங்கே நீர் 30 டிகிரியை அடைந்தால் லிட்டருக்கு 6.8 மில்லிகிராமே மிஞ்சும். "30 டிகிரியில் ஒன்றும் ஆகாது" என்று கொளத்தூர் வியாபாரி சொல்வது அவர் ஊருக்கு உண்மையாகலாம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே காற்றுக்கல்லில் குமிழி எழுப்பும் ஏர் பம்ப் இங்கே அலங்காரப் பொருளன்று. முட்டைகளை வாயில் அடைகாக்கும் தாய் மீன் உள்ள தொட்டியில் இது இன்னும் முக்கியம். மலாவிப் பாறைமீன்களுள் பெண், மூன்று வாரம் வரை முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கிறது. அக்காலத்தில் அது பட்டினி; மூச்சிழுக்கவும் இடைஞ்சல்.

சூட்டினால் விளையும் மற்றொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. மீன்களின் கழிவிலிருந்தும் உண்ணாத இரையிலிருந்தும் நீரில் அமோனியா சேர்கிறது. இதன் ஒரு பகுதி தீங்கு குறைந்த வடிவிலும், மறு பகுதி கடும் நச்சான வடிவிலும் இருக்கும். இரண்டிற்குமுள்ள விகிதத்தை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் நிர்ணயிக்கின்றன. நடுநிலை நீரில், 25 டிகிரியில், நச்சுப் பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மலாவி மீன்களுக்கு ஏற்ற காரநீரில், அதாவது பி.எச். 8.4 அளவில், அதே 25 டிகிரியில் அது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆகிறது. 30 டிகிரியில் நூற்றுக்குப் பதினேழு. ஆப்பிரிக்க மீன் வளர்ப்பவர் கோடையில் இரையைக் குறைத்து, நீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்ற வேண்டுமென்பது இதனால்தான்.

குளிர்காலத்தில் சூடேற்றுதல்

சிவசமுத்திரத்தின் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். பெங்களூர் நகரம் அதற்குப் பிறகே ஒளி பெற்றது. ஆகவே தொட்டியை மின்சார ஹீட்டர் கொண்டு சூடேற்றுவதில் இவ்வூரார்க்குத் தயக்கம் இருக்கத் தேவையில்லை. எவ்வளவு வலிமையுள்ள ஹீட்டர் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 210 கிலோஜூல். 100 வாட் ஹீட்டர் வினாடிக்கு 0.1 கிலோஜூல் தருகிறது. ஆகவே ஒரு டிகிரிக்கு 2,100 வினாடி, அதாவது 35 நிமிடம். 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆகும். வெளியே கசியும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அந்த ஹீட்டர் பத்து மணி நேரம் எரிந்தால் செலவு ஒரு யூனிட்.

300 வாட் ஹீட்டர் இருந்தால் வேலை விரைவில் முடியுமே என்று சிலர் கேட்பர். வெப்பத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றேனும் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போகக்கூடும். அப்போது 300 வாட் ஹீட்டர் 50 லிட்டர் நீரை மணிக்கு ஐந்து டிகிரி வீதம் உயர்த்திவிடும். காலையில் பார்க்கையில் மீன்கள் வெந்திருக்கும். 50 வாட் ஹீட்டர் இரண்டைத் தொட்டியின் இரு முனைகளிலும் வைப்பதே விவேகம். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் கேடு மெதுவாகவே நேரும். ஒன்று அணைந்து போனாலும் மற்றது ஓரளவு காக்கும்.

ஹீட்டரின் கண்ணாடிக் குழல் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். மின்தொடர்பைத் துண்டித்த பின்னரே தொட்டிக்குள் கையிட வேண்டும்; இதற்கு விதிவிலக்கு இல்லை. துண்டித்த உடனே குழலை வெளியே எடுத்தாலும் வெடிக்கலாம். கால் மணி நேரம் ஆறவிட்டு எடுக்க வேண்டும். கம்பி சுவரிலுள்ள பிளக்கிற்கு நேரே ஏறாமல், பிளக்கின் மட்டத்திற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பின் மேலேறுமாறு அமைத்தல் வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். பள்ளியில் தொட்டி வைத்திருப்போர் இதனை முதல் நாளே சரிபார்க்க வேண்டும்.

இரவில் மின்சாரம் நின்றுபோனால் பதற்றப்படத் தேவையில்லை. தொட்டியின் நான்கு பக்கமும் பழைய கம்பளியைச் சுற்றி, மேலே காற்றுக்குச் சிறிது இடம் விட்டு மூடுக. இரை போடற்க. மின்தடை நீடித்தால், 60 டிகிரி வெந்நீரை ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பி, இறுக மூடி, தொட்டியில் மிதக்க விடலாம். 22 டிகிரியில் உள்ள 50 லிட்டர் நீரை ஒரு பாட்டில் முக்கால் டிகிரி உயர்த்தும். வெந்நீரை நேரே தொட்டியில் ஊற்றுவது கூடாது. நீரின் வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாறாதிருப்பதும், ஒரு நாளில் இரண்டு மூன்று டிகிரிக்குள் அடங்குவதும் பாதுகாப்பு.

கோடையில் பனிக்கட்டியை வாரிப் போடுவோரும் இவ்விதியையே மீறுகின்றனர். அதைவிடச் சிறந்த வழி நம் மண்பானையின் வழியே. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வேண்டும். 50 லிட்டர் தொட்டியிலிருந்து கால் லிட்டர் ஆவியானாலும், வெளியிலிருந்து வெப்பம் வாராவிடின், நீர் மூன்று டிகிரி அளவிற்குக் குளிரும். மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதவாறு வலை கட்டி, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியின் காற்றைச் செலுத்தினால் போதும். ஏப்ரல் மாதத்து உலர்ந்த காற்றில் இது நன்கு பலிக்கும். மழைக்காலத்து ஈரக்காற்றில் அவ்வளவு பலிக்காது. ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை என்பதைச் சுரங்கத்தில் உழைத்த மூத்தோர் நன்கறிவர்.

சென்னையிலிருந்து கொண்டு வருகையில்

பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில் மீனை வைத்து இரவு ரயிலில் பங்காருப்பேட்டை வரை கொண்டு வந்து, அங்கிருந்து மாரிக்குப்பம் கிளை ரயிலில் ஏறி வருவோர் உண்டு. கொளத்தூரில் 28 டிகிரியில் கட்டப்பட்ட பை, டிசம்பர் மாத விடியலில் வீடு சேர்கையில் 19 டிகிரி இருக்கலாம். தொட்டி 26 டிகிரியில் தயாராக இருக்கிறதென்று எண்ணி மீனை உடனே அதில் விடுவதே பெரும்பாலோர் செய்யும் காரியம். ஏழு டிகிரி ஒரே நொடியில் மாறும்போது மீனின் நரம்பும் செவுளும் அதிர்ச்சியுறுகின்றன. அன்று மாலை அது நீந்திக்கொண்டிருக்கலாம். பத்து நாட்களில் வெள்ளைப் புள்ளி தோன்றும்.

பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருதல் முதற்காப்பு. வந்தபின் முதலில் பையின் வெளிப்புறத்தை ஒட்டி ஒரு வெப்பமானியை வைத்து அளந்து பார்க்கவும். வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் இருப்பின் மூடிய பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடலாம். வேறுபாடு மிகுதியாயின், புதிய மீன் போகும் தனித் தொட்டியின் நீரைப் பைக்கு நெருங்கிய வெப்பநிலையில் அமைத்து, மீனை விட்டபின் ஹீட்டர் கொண்டு ஓரிரு நாட்களில் மெல்ல உயர்த்துவதே முறை. பையைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் காத்திருத்தல் கூடாது. பயணத்தில் பைக்குள் சேர்ந்த கரியமிலவாயு நீரை அமிலமாக்கி, அமோனியாவின் நச்சை அடக்கி வைத்திருக்கிறது. பை திறந்தவுடன் கரியமிலவாயு வெளியேற, அடங்கிய நச்சு எழும்.

வெப்பமானியைச் சோதித்தல்

கடையில் கிடைக்கும் தொட்டி வெப்பமானிகள் இரண்டு மூன்று டிகிரி பிழையாகக் காட்டுவது அரிதன்று. மருத்துவர் பயன்படுத்தும் வெப்பமானியோ 35 டிகிரியில்தான் தொடங்கும். தொட்டிக்கு அது உதவாது. பள்ளி ஆய்வுக்கூடத்துச் சிவப்புச் சாராய வெப்பமானி ஏற்றது. பாதரசக் கருவி உடைந்தால் தொட்டியே பாழாகும். உருகும் பனிக்கட்டியில் வைத்தால் அது பூச்சியம் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிக்க வேண்டுமாயின், அவ்வெப்பத்தைத் தாங்கும் கருவியைக் கொண்டு, தங்கவயலில் 100 டிகிரியை எதிர்பார்க்கலாகாது. இவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. மாணவன் 97 என்று படித்தால் அவனைத் திருத்தாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

மாணவர்களைக் கொண்டு காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அறையின் வெப்பநிலையையும் தொட்டியின் வெப்பநிலையையும் இரண்டு வாரம் குறித்து வரச் செய்து, வரைபடத் தாளில் கோடிடச் சொல்லலாம். ஹீட்டர் இல்லாத, மீனும் இல்லாத ஒரு வாளி நீரையும் பக்கத்தில் வைத்து அளந்தால் பாடம் இன்னும் தெளிவாகும். 24 டிகிரியிலும் 27 டிகிரியிலும் மீனின் செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என எண்ணிப் பார்ப்பது மற்றொரு நல்ல பயிற்சி. மீனைத் துன்புறுத்தும் எல்லைக்கு நீரைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ தேவையில்லை. பாதுகாப்பான எல்லைக்குள்ளேயே வேறுபாடு தெரியும்.

வெப்பநிலைக்குத் தொடர்பில்லாததாயினும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தங்கவயலைச் சூழ்ந்துள்ள சயனைடு மேடுகளிலிருந்து மணலை அள்ளித் தொட்டியில் பரப்புதல் அறவே கூடாது. அது ஆற்று மணலன்று. தங்கத்திற்காகப் பொடியாக்கப்பட்டு, சயனைடு கரைசலில் ஊறிய பாறைத்தூள். உலோகக் கலப்புள்ள அத்தூள் மீனுக்கும், அதைக் கையாளும் பிள்ளைகளுக்கும் ஆகாது.

ஏரியில் விடலாமா?

தொட்டியில் பெருகிய சிக்லிட்களை என்ன செய்வதென்று அறியாமல் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிட எண்ணுவோர் உண்டு. குளிர் அவற்றைக் கொன்றுவிடும், ஆகையால் ஏரிக்குத் தீங்கில்லை என்று சமாதானம் கூறுவோரும் உண்டு. இச்சமாதானம் எத்துணை வலுவற்றது என்பதை நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும்.

ஜிலேபி மீன் என்று நம் சந்தைகளில் விற்கப்படும் மொசாம்பிக் திலேப்பியாவும் ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. அது 1939-இல் ஜாவாத் தீவின் ஓர் ஆற்று முகத்தில் முஜைர் என்பவரால் கண்டெடுக்கப்பட்டு, அவர் பெயராலேயே அந்நாட்டில் இன்றும் அழைக்கப்படுகிறது. அங்கிருந்து ஆசிய நாடுகளில் பரவிய அம்மீன், 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. மண்டபத்தில் இருந்த மத்திய மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதனை முதலில் வளர்த்துப் பார்த்தது. உணவுப் பற்றாக்குறை நிலவிய அந்நாளில் அது நல்ல நோக்கத்துடனேயே செய்யப்பட்டது. ஆயின் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் மறுபக்கம் புலப்பட்டது. நெருக்கடியான குளத்தில் இம்மீன் இரண்டு மூன்று மாத வயதிலேயே, விரல் நீளம் இருக்கையிலேயே, முட்டையிடத் தொடங்குகிறது. ஆண்டுக்குப் பல முறை ஈனுகிறது. குளம் சிறு மீன்களால் நிறைந்து, கெண்டை இனங்கள் இரைக்கும் இடத்திற்கும் திண்டாடுகின்றன. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதனை மேலும் பரப்பலாகாது எனத் தடுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி நீர்த்தேக்கங்களில் இம்மீன் நிலைபெற்றுவிட்டது. இவற்றுள் கிருஷ்ணகிரி தங்கவயலுக்கு மிக அண்மையிலுள்ளது.

இதன் வெப்பக் கணக்கைப் பாருங்கள். திலேப்பியா 28 முதல் 32 டிகிரி வரை செழித்து வளரும். 20 டிகிரிக்கு மேல் இனம் பெருக்கும். 16 டிகிரியில் இரையை விடும். 10 முதல் 12 டிகிரியில்தான் மடியும். கோலார் மாவட்டத்து ஏரிகளில் காற்று 12 டிகிரிக்கு இறங்கும் விடியலிலும் நீர் அவ்வளவு இறங்குவதில்லை. பகலில் ஏற்ற வெப்பத்தை ஏரி இரவில் எளிதில் விடுவதில்லை என்பதைத் தங்கனீக்காவிலேயே கண்டோம். சிறிய அளவில் நம் ஏரிக்கும் அது பொருந்தும். 50 லிட்டர் தொட்டியில் குளிரால் மடியும் மீன், அதே குளிர்காலத்தை ஏரியில் கழித்துவிடக்கூடும். மலாவி இனங்கள் திலேப்பியா அளவிற்கு வன்மை உடையன அல்ல என்பது மெய். ஆயினும் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை ஏரியில் விட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சோதனையைத் திரும்பப் பெற இயலாது. பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேற்பகுதியில் உள்ளது. அந்நீரில் சேர்வது வெள்ளம் வரும் ஆண்டில் வேலூர் வரையிலும் போகலாம்.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம். வேறொரு பள்ளிக்கோ வளர்ப்பவருக்கோ கொடுக்கலாம். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் பெருக்கமே நேராது. தொட்டி நீரை மாற்றும்போது கழிவுநீரை ஏரிக்கால்வாயில் கொட்டாமல் செடிகளுக்கு ஊற்றுக. அமோனியா அவற்றுக்கு உரம். ஏரிகளில் மீன் பிடிப்போரைச் சந்திக்கும் வெளிக்கள ஊழியர்கள், வலையில் பழக்கமில்லாத வண்ண மீன் ஏதேனும் அகப்பட்டால் அதை மீண்டும் நீரில் விடாது எடுத்து வைக்கச் சொல்லி, அகப்பட்ட இடம், நாள், அன்று காலை நீரின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் குறித்து மீன்வளத் துறை அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும்.